மாதாகோயில் பக்கத்துக் கயிறு

பண்டோக் தீவில் யாருக்கும் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. மாதாகோயில் பக்கம் ஒன்று, கலங்கரைவிளக்குப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, கோயில் பக்கத்து மீசை கொஞ்சம் நீளமாக இருக்கிறது பார் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் வந்தால் நாற்காலியை எந்தத் திசை பார்த்துப் போடுவது என்பதிலேயே முதல் தகராறு தொடங்கும். பெயர் நாக்கில் வராத பொருள் எதுவானாலும் அதற்குக் 'குவான்' என்று பெயர். அந்தக் குவானை எடு, இந்தக் குவானில் மாட்டு என்றால் எடுப்பார்கள், மாட்டுவார்கள். எந்தக் குவான் என்று சந்தேகம் வந்தால் சொன்னவர் உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டிக் காட்டுவார். கையை நீட்டிச் சுட்டுவது மரியாதை இல்லை என்று அங்கே குழந்தைக்கும் தெரியும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தீவு இருநூறு வருஷம் குறையில்லாமல் வாழ்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பதினொரு படகு டிரைவர்களுக்குத் தெளிவாக எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை லியோனிசாவின் தலையில் விழுந்தது.

லியோனிசாவுக்கு இருபத்தெட்டு வயது. தீவின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. சாக்பீஸைக் கையில் எடுத்தால் முகத்தில் சிரிப்பு போய்விடும். மாணவர்களில் மிக இளையவருக்கே நாற்பத்திரண்டு வயது. மூத்தவர் நோங் ஃபெர்மின், அறுபதைத் தாண்டியவர். மூத்த ஆண்களை நோங் என்று கூப்பிடாமல் அங்கே பேச்சே தொடங்க முடியாது. பதினொரு பேரில் ஒருவர் அவளுடைய சொந்த அப்பா, அனிசெட்டோ. முப்பது வருஷமாக இலோயிலோ நகரத்துக்கும் தீவுக்கும் நடுவே பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்வருகிறவர். அவர் படகுக்கு மனைவியின் பெயர், 'பூரிடா'. முனையில் சிவப்பு எழுத்தில் அந்தப் பெயரை அவரே எழுதியிருந்தார்.

வகுப்பு எதற்கென்றால், போன வருஷம் பக்கத்துத் தீவுப் படகு ஒன்றில் டிரைவர் கடல் நடுவே மயங்கி விழுந்தார். படகில் நாற்பது பேர். இன்ஜினை எப்படி நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டீசல் தீரும்வரை படகு இரண்டு மணி நேரம் வட்டம் போட்டது. பயணிகள் ஜெபமாலை சொன்னார்கள், சிலர் போனில் வீட்டாரிடம் விடைபெற்றார்கள். ஒருவரும் சாகவில்லை, ஆனால் டிரைவருக்கு ஒரு கை விளங்காமல் போனது. அதன்பின் துறைமுக அலுவலகம் ஒரு விதி போட்டது. ஒவ்வொரு படகிலும் ஒரு 'நிறுத்தும் தாள்' ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் படகைப் பார்த்தே இராதவர் ஒருவர் அதைப் படித்து, ஒரு நிமிஷத்துக்குள் இன்ஜினை நிறுத்த வேண்டும். தாளை அந்தந்த டிரைவரே எழுத வேண்டும். முதல் தேர்வில் தவறினால் மூன்று வாரம் படகு கட்டிக் கிடக்கும். இரண்டாவதிலும் தவறினால் அந்த வருஷம் முழுவதும் அனுமதி இல்லை.

படகோட்டிகள் சங்கத் தலைவர் போரோ முதல் நாளே லியோனிசாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பதினொரு தாளையும் அவளே எழுதிவிட்டால் இவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், எல்லோருக்கும் சனிக்கிழமை மிச்சம் என்றார். நல்ல மனிதர், நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அவள் முடியாது என்றாள். எந்த இரண்டு படகும் ஒன்றுபோல் இல்லை. எல்லாம் பழைய லாரி இன்ஜின், ஆளுக்கொரு விதமாகக் கட்டி வைத்தது. ஒருவர் ஆணியில் கயிற்றைச் சுற்றியிருக்கிறார், ஒருவர் செருப்பு வாரை வைத்து நெம்புகோல் பண்ணியிருக்கிறார். இதை அந்தந்த ஆளைத் தவிர வேறு யார் எழுத முடியும் என்று கேட்டாள். போட்டோ எடுத்து ஒட்டலாமே என்று ஒருவர் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தாள். இன்ஜின் பெட்டிக்குள் எடுத்த படத்தில் கரியும் எண்ணெயும்தான் தெரியும். தவிர, தாளைப் போனில் படித்துக் காட்ட வேண்டிய நிலைமையும் வரலாம்.

படகுத்துறையில் பயணிகள் காத்திருக்கும் தகரக் கொட்டகைதான் வகுப்பறை. முதல் சனிக்கிழமை அவள் நங்கூரம் என்றால் என்ன என்று ஒரே வரியில் எழுதச் சொன்னாள். நோங் ஃபெர்மின் எழுதியது: 'போன வருஷம் என் மச்சான் தொலைத்தது.' கொட்டகை அதிரச் சிரித்தார்கள். லியோனிசா சிரிக்கவில்லை. அது என்ன இனத்தைச் சேர்ந்தது என்று கேட்டாள். இரும்பு என்றார் ஒருவர். அடுப்பும் இரும்புதானே என்றாள் அவள். கனமான இரும்பு என்றார் இன்னொருவர். தையல் மெஷினும் கனம்தான், அதைக் கடலில் போடுவீர்களா என்றாள். இப்படி ஒரு மணி நேரம் இழுத்துக் கடைசியில், 'நங்கூரம் என்பது படகு நகராமல் இருக்கக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கும் கொக்கி' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் இனத்தைச் சொல்லுங்கள், அப்புறம் அந்த இனத்தில் மற்றதெல்லாம் செய்யாத எதை இது செய்கிறது என்று சொல்லுங்கள் என்று கரும்பலகையில் எழுதினாள். பத்துப் பேர் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்பா மட்டும் தொடையில் நோட்டை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் ஒருவர் தன் இன்ஜினைச் சொல்ல, இன்னொருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டதை மட்டும் கரும்பலகையில் வரைய வேண்டும் என்று வைத்தாள். சொன்னவர் வாயில் வாக்கியத்துக்கு மூன்று குவான் வந்தது. உதடு நீண்டுகொண்டே போனது. வரைகிறவர் பார்க்க முடியாதே என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. கடைசியில் பலகையில் வந்தது கழுத்து நீண்ட பன்றி மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குவானை விட்டார்கள். விட்டதும் சொல் வந்தது. மூடி, குழாய், திருகு, நாடா, எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்த சொற்கள்தான்.

விடாமல் ஒட்டிக்கொண்டது மாதாகோயில் பக்கம்தான். பதினொரு தாளிலும் அது இருந்தது. படகுகள் தீவில் மூக்கைக் கரைக்குக் கொடுத்து நிற்கும். அப்போது கோயில் இடது பக்கம். கிளம்பித் திரும்பினால் கோயில் வலது பக்கத்துக்குப் போய்விடும். இதை லியோனிசா பெஞ்சைப் படகாக வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது வாரம் பத்துப் பேர், முனகிக்கொண்டுதான், 'படகின் மூக்கைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம்' என்று மாற்றி எழுதினார்கள்.

அனிசெட்டோ மாற்றவில்லை.

"கோயில் எங்கயும் எழுந்து போகாது மேம்," என்றார். வகுப்பில் மகளை மேம் என்றுதான் கூப்பிடுவார், அதில் பாதி மரியாதை, பாதி குத்தல். "இருநூறு வருஷமா அது அங்கயேதான் இருக்கு. இடது வலதுதான் ஆளு திரும்பினா திரும்புது. எது உறுதியானது? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது லியோனிசாவுக்கும் தெரிந்தது. "கோயில் உறுதியா இருக்குப்பா. படிக்கிற ஆளுக்கு அந்தக் கோயில் தெரியணுமே," என்றாள். தெரியாதவன் யார் என்று அவர் கேட்டார். கொட்டகை மறுபடி சிரித்தது.

தேர்வு ஒரு புதன்கிழமை, இலோயிலோ படகுத்துறையில். அன்று காலை அம்மா பூரிடா சோறும் கருவாடும் வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா தன் தாளை மேஜையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். லியோனிசா எடுத்துப் படித்தாள். நன்றாகவே எழுதியிருந்தார். நான்காவது வரியில் மட்டும், 'கோயில் பக்கத்துப் பச்சைக் கயிற்றை இழுக்கவும்.'

அம்மா அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். மகளை அவள் இந்தாய் என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவாள். "நீயே மாத்தி எழுதிடேன் இந்தாய். ரெண்டு வார்த்தைதானே. அவருக்கா தெரியப்போகுது?"

பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்பாவின் எழுத்து அவளுக்கு அச்சாக வரும். சின்ன வயதில் அவர் கையெழுத்தைப் போட்டுப் பள்ளியில் லீவு வாங்கியவள்தான். எடுத்துவிடலாம் என்றே தோன்றியது. ஆனால் மீதிப் பத்துப் பேரையும் திருத்து, திருத்து என்று வறுத்தெடுத்துவிட்டு, தன் வீட்டுத் தாளை மட்டும் தானே திருத்துவதா? பேனாவைத் தொடாமல் எழுந்து போய்க் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, நாலாவது வரியை மாத்துங்கப்பா என்று சத்தமாகச் சொன்னாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆய்வாளர் சோன்சா கறாரான ஆள். படகைப் பார்த்தே இராத ஆள் வேண்டும் என்பதற்காக அலுவலகத்துக் கணக்குப் பிரிவிலிருந்து கரிடாட் என்ற அம்மாளைக் கூட்டி வந்திருந்தார். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, மலைநாட்டுக்காரி, படகில் ஏறும்போதே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். முதல் டிரைவர் தேர்விலேயே சோன்சா ஒன்றைக் கவனித்துவிட்டார். டிரைவர் வாயைத் திறக்கவில்லைதான், ஆனால் உதடு சரியான கயிற்றை நோக்கிக் குவிந்துகொண்டிருந்தது. உடனே எல்லா டிரைவர்களும் வாயில் கைக்குட்டை கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பார்ப்பதற்கு வங்கிக் கொள்ளைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

பத்துப் பேர் தேறினார்கள். நோங் ஃபெர்மினுக்கு ஐம்பத்தெட்டு வினாடி, ஆனாலும் தேறினார்.

கடைசியில் 'பூரிடா'. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கரிடாட் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரே மாதிரி இரண்டு பச்சைக் கயிறுகள், பக்கத்துக்கு ஒன்று. ஒன்று டீசலை அடைப்பது, மற்றது வேகத்தைக் கூட்டுவது. நான்காவது வரிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பண்டோக் மாதாகோயில் கடலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கே தெரியாது. நகரத்துத் தேவாலயத்தின் கோபுரம் படகின் வலது பக்கம் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. கரிடாட்டுக்கு மனநிறைவு. நம்பிக்கையோடு வலது கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள்.

படகு பாய்ந்தது. கட்டியிருந்த கயிறு அறுந்தது. படகு சாயாமலிருக்கப் பக்கவாட்டில் நீண்டிருந்த மூங்கில் சிமெண்ட் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. கரிடாட் கத்திக்கொண்டே இன்னும் இழுத்தாள், ஏனென்றால் தாளில் இழுக்கச் சொல்லியிருந்தது. அனிசெட்டோ கைக்குட்டையோடு பாய்ந்து சரியான கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். துறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பள்ளிக்கூட டீச்சரின் அப்பா மட்டும் ஃபெயில் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.

படகு கரையில் ஏறியது. அப்பா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா பேசினாள், ஆனால் அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். பெற்ற அப்பாவுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தர மனம் வராதவள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்துக் கிழிக்கப்போகிறாள் என்று லஸ்வா என்னும் கீரைக் குழம்பைச் சட்டியில் கிண்டியபடியே கேட்டாள். மீன் சந்தையில் கேலி செய்தார்கள். போரோ வருத்தத்தோடு, அன்றைக்கே சொன்னேனே என்றார். லியோனிசாவுக்கு அழுகை வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடக் கழிப்பறையில் அழவும் செய்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பாடத்தை நடத்தினாள்.

சனிக்கிழமை வந்ததும் வழக்கம்போல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். தேறியவர்கள் எதற்கு வரப்போகிறார்கள்? வரவேண்டியவர் ஒருவர், அவர் வரவில்லை. காலை எட்டிலிருந்து பத்துவரை காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் இருந்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. படகுக்குக் காத்திருந்த பெண்கள் பாவமாகப் பார்த்தார்கள். ஒருத்தி வறுத்த வாழைப்பழம் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு அங்கேயே இருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பா வந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் பள்ளி நோட்டு. அதில் பதினான்கு பக்கம், பதினான்கு முறை எழுதிய நிறுத்தும் தாள். கோயில் எதிலும் இல்லை. லியோனிசா ஒவ்வொன்றாகப் படித்தாள். வாயைத் திறந்து பாராட்டினால் அவர் எழுந்து போய்விடுவார் என்று தெரியும், அதனால் பேசாமல் படித்தாள்.

"நோங் ஃபெர்மினைப் படிக்கச் சொன்னேன், நிறுத்திட்டாரு," என்றார் அப்பா. "போரோ நிறுத்திட்டான். நோங் ஃபெர்மினோட பேத்தி, ஏழு வயசு, அவளும் நிறுத்திட்டா. அப்புறம்தான் பாத்தேன், அவ தாளைத் தலைகீழா புடிச்சிருக்கா."

லியோனிசாவின் வாயோரம் அசைந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியுது. இந்தத் தீவுல இன்ஜின் தெரியாத ஆளு ஒருத்தன்கூட இல்ல. எழுதினது சரியா தப்பான்னு நான் யாரை வெச்சுப் பாக்கறது?"

"ஒருத்தங்க இருக்காங்கப்பா."

அவருக்கு உடனே புரிந்தது. முகம் மாறியது. டிரைவரின் மனைவி இன்ஜினைத் தொட்டால் இன்ஜின் ரோஷப்பட்டுக்கொள்ளும் என்பது தீவில் எல்லாப் படகுக்கும் பொது. யார் தொடங்கியது என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. முப்பது வருஷமாக அம்மா அந்தப் படகில் குடையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போய் உட்காருவாள், இன்ஜின் இருக்கும் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். அப்பா அதைச் சொன்னார். அது வேண்டாம், வேறு யாரையாவது நகரத்திலிருந்து கூட்டி வரலாம் என்றார்.

"யாரைக் கூட்டிட்டு வருவீங்க? கரிடாட் பட்டதைப் பாத்தப்புறம் நகரத்துல யாரு இந்தப் படகுல ஏறுவா?" என்றாள் லியோனிசா. "புதன்கிழமை ரெண்டாவது தேர்வு. அதுக்கப்புறம் ஒரு வருஷம். அம்மாவை விட்டா வேற ஆள் இல்ல. நான் பேசறேன்."

பேசினாள். அம்மா முதலில் முடியாது என்றாள், பிறகு இன்ஜின் கெட்டுப்போனால் பழி என் மேல் வரக்கூடாது என்றாள், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே பூப்போட்ட கவுனோடும் குடையோடும் வந்து நின்றாள். மூங்கில் மாற்றிக் கட்டியாகிவிட்டது. பயணிகளை ஏற்றத்தான் தடை, படகை ஓட்டத் தடையில்லை. மூன்று பேரும் கிளம்பினார்கள். பாதிக் கடலில், தீவும் நகரமும் ஒரே தூரத்தில் தெரிந்த இடத்தில், லியோனிசா சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். மயங்கிய டிரைவர் அப்படித்தானே கிடப்பார். அம்மா குடையை மடக்கி வைத்துவிட்டுத் தாளைக் கையில் வாங்கினாள். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு உரக்கப் படித்தாள்.

'ஒன்று. படகின் மூக்கைப் பார்த்து நில்லுங்கள். மூக்கு என்பது படகின் கூர்மையான முனை. சிவப்பில் பெயர் எழுதியிருக்கும்.

இரண்டு. உங்கள் முன்னால் முழங்கால் உயரத்தில் மரப்பெட்டி இருக்கிறது. சத்தம் அதிலிருந்து வருகிறது. மூடியை மேலே தூக்குங்கள்.

மூன்று. உள்ளே இரண்டு பச்சைக் கயிறுகள். உங்கள் இடது கைப் பக்கம் இருப்பது நிறுத்தும் கயிறு. நிறுத்தும் கயிறு என்பது இன்ஜினுக்கு டீசல் போகாமல் அடைக்கும் கயிறு. அதன் நுனியில் மூன்று முடிச்சு இருக்கும்.

நான்கு. வலது கைப் பக்கத்துக் கயிற்றைத் தொடாதீர்கள். அது வேகத்தைக் கூட்டும்.

ஐந்து. நிறுத்தும் கயிற்றை இழுங்கள்.'

அம்மா ஒவ்வொன்றாகச் செய்தாள். மூடியைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு திரும்பிப் பார்த்தாள். முடிச்சுகளை எண்ணினாள். கயிற்றை இழுத்தாள், விட்டாள். இன்ஜின் ஒருமுறை இருமியது, பிறகு பழையபடி ஓடியது. இன்னொரு முறை இழுத்தாள், விட்டாள். மறுபடியும் இருமியது, மறுபடியும் ஓடியது. அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

தரையில் அப்பா துடித்தார். கை தன்னால் காற்றில் இழுத்துப் பிடித்துக் காட்டியது. லியோனிசா, டிரைவர் மயக்கமா இருக்காரு, கையை அசைக்கக் கூடாது என்றாள். அவர் கையை மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இழுன்னு எழுதியிருக்கு, இழுத்தேன்," என்றாள் அம்மா. "எவ்வளவு நேரம் இழுக்கணும்? புடிச்சுக்கணுமா, விடணுமா? அது இல்லையே."

அப்பா எழுந்து உட்கார்ந்து கைக்குட்டையை அவிழ்த்தார். முப்பது வருஷம் தினமும் நான்கு தடவை அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றவர், பிடித்து நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகளைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஐந்தாவது வரியை அவரே நீட்டி எழுதினார்: 'நிறுத்தும் கயிற்றை உங்கள் மார்புவரை இழுத்து, சத்தம் முழுவதும் நிற்கும்வரை விடாமல் பிடித்திருங்கள். பத்து எண்ணும் நேரம் ஆகும்.'

மறுபடி படுத்தார். அம்மா மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இந்த முறை கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாக எண்ணினாள். எட்டில் இன்ஜின் நின்றது. அவள் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் விட்டாள்.

இன்ஜின் சத்தம் போனதும் தண்ணீர் படகின் அடியில் மோதுவது கேட்டது. அம்மா வியர்த்திருந்தாள். கண்ணில் பயமும் பெருமையும் சேர்ந்து இருந்தது. லியோனிசாவுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அம்மா இன்னும் முடிக்கவில்லை. தாளின் அடியைப் பார்த்தாள், பிறகு தரையில் கிடந்த புருஷனைப் பார்த்தாள்.

"இன்ஜின் நின்னுடுச்சு," என்றாள். "விழுந்து கெடக்கற உங்களை நான் என்ன பண்றது? அது இதுல இல்லையே."

அது தேர்வில் கேட்கவில்லை என்று லியோனிசா சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் மல்லாந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தாளை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, தொடையில் வைத்து எழுதினார். எழுதுவதற்கு நேரம் பிடித்தது. ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போட்டார். அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா விரல் வைத்துப் படித்தாள். 'ஆறு. டிரைவரின் சட்டையில் இடது பக்கப் பைக்குள் பாருங்கள். அவருடைய இடது, உங்கள் இடது அல்ல. வெள்ளி அட்டையில் சின்ன வெள்ளை மாத்திரை இருக்கும். அது இதயத்துக்கான மாத்திரை. அவருக்கு நினைவு இருந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் போடாமல் 'இதயநோய்' என்று துறைமுகத்துக்குப் போன் செய்யுங்கள்.'

அம்மா அவர் எதிரில் குனிந்து, அவருடைய இடது பக்கப் பைக்குள் கையை விட்டாள். அட்டை இருந்தது. நான்கு மாத்திரை தீர்ந்திருந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம்."

அம்மா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள். லியோனிசா சுக்கானை விடவில்லை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறோம், நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்தாள். அப்பா தலையைக் குனிந்தபடி, இன்ஜினைக் கிளப்ப எழுந்தார். "நீங்க உக்காருங்க," என்றாள் அம்மா. கிளப்புவது எப்படி என்று மகளிடம் கேட்டுத் தானே கிளப்பினாள். இன்ஜின் ஒரு ரோஷமும் காட்டவில்லை.

அந்த ஆறாவது வரியைத் தேர்வுத் தாளில் சேர்க்க வேண்டியதில்லை என்று லியோனிசா அப்பாவிடம் சொன்னாள். ஊருக்கே தெரிந்துபோகும், டாக்டரிடம் சான்று கேட்பார்கள், ஒருவேளை படகையே விடச் சொல்வார்கள். அவர் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் யோசித்தார். நடுவில் டாக்டரிடம் அம்மாவே இழுத்துக்கொண்டு போனாள். ஓட்டலாம், ஆனால் தனியாக ஓட்டக்கூடாது, பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மாலை அப்பா புதுத் தாளில் ஆறு வரியையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

புதன்கிழமை கரிடாட் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். போன முறை பட்டது போதாதா என்று முகம் சொன்னது. பத்து டிரைவர்களும் வேடிக்கை பார்க்கக் கரையில் நின்றார்கள். கரிடாட் ஒவ்வொரு வரியாகப் படித்தாள், கோபுரத்தைப் பார்க்கவில்லை, முடிச்சுகளை எண்ணினாள், இழுத்தாள், பிடித்தாள். நாற்பத்தோரு வினாடி. சோன்சா முத்திரையை எடுத்தார். கரிடாட் கையை உயர்த்தி, இன்னும் ஒரு வரி இருக்கிறது சார் என்றாள். அவள் தாளில் உள்ளதைச் செய்கிறவள். உரக்கப் படித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கைக்குட்டை கட்டி நின்ற அனிசெட்டோவின் இடது பைக்குள், அவருடைய இடது பைக்குள், கையை விட்டு வெள்ளி அட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சோன்சா டாக்டர் சான்றைக் கேட்டு வாங்கிப் படித்தார். பக்கத்தில் இருக்கப்போகும் தெரிந்த ஆள் யார் என்று கேட்டார். அம்மா குடையைத் தூக்கிக் காட்டினாள். அவர் முத்திரையைக் குத்தினார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. கரும்பலகையைத் திரும்ப எடுத்துப் போகத்தான் லியோனிசா தகரக் கொட்டகைக்கு வந்தாள். நோங் ஃபெர்மின் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் படகிலிருந்து கிழித்தெடுத்த தாளை, முத்திரை குத்திய அதே தாளை, மடியில் விரித்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு தாளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"பேனா இருந்தா குடு மேம்," என்றார் நோங் ஃபெர்மின். "ஒரு வரி விட்டுப்போச்சு."